மேலிருந்து மூன்றாவது டிஸ்க்

திண்டிவனத்தில் எங்களுக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று எது நடந்தாலும் போட்டோவும் வீடியோவும் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழில். எடுப்பது என் கணவர். அவர் எடுத்து வருவதைப் பிரித்து, வெட்டி, பாட்டுச் சேர்த்து, ஆல்பமாகவும் வீடியோவாகவும் ஆக்குவது நான். முன் அறையில் வாடிக்கையாளர்கள் உட்காருவார்கள். பின் அறையில் ஏசிக்குக் கீழே நான் இருப்பேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவள். படிப்பு முடிந்த மறு மாதமே கல்யாணம். அதனால் படித்ததை வைத்து ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை.

ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா, ஒரு டிரோன். மூன்றிலிருந்தும் வந்து சேர்வதை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு, அதன் மேல் வெள்ளை டேப் ஒட்டி மாதத்தை எழுதி, இரும்பு பீரோவில் வைத்துவிடுவோம். நேரம் கிடைத்தால் இன்னொரு டிஸ்க்கில் காப்பி எடுப்பேன். தை, ஆவணி மாதங்களில் நேரம் கிடைக்காது. அந்த மாதங்களில்தான் கல்யாணமும் அதிகம்.

மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து ஒரு நாள் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகளின் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்திருந்தோம். ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆல்பமும் வீடியோவும் அப்போதே வாங்கிப் போய்விட்டார்கள். இப்போது எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரியாமல், குழந்தை பிறந்து காதுகுத்துக்குச் சொல்ல வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் அண்ணன் இறந்துபோயிருந்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி மோதி, மூன்று மாதம் முன்பு.

"வரவேற்புல மேடை மேல மைக்க வாங்கிக்கினு பேசுனான்மா" என்றார் அந்த அம்மா. "நீங்க குடுத்த படத்துல பேசறது இல்ல. ஆடறது மட்டும் கொஞ்சோண்டு வருது. முழுசா வெச்சிருப்பீங்கன்னு இந்தப் பொண்ணுதான் சொல்லிச்சி. அத்தத்தான் கேக்கலாம்னு வந்தோம்."

எனக்கு அந்தக் காட்சி நினைவிருந்தது. வெட்டும்போது, பேச்சு நீளமாக இருக்கிறது என்று எடுத்துவிட்டேன். தங்கச்சியைப் பார்த்து ஏதோ கேலியாகச் சொல்லி, சொல்லி முடிக்க முடியாமல், மைக்கைப் பாட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனான். "இருக்கும்மா, எடுத்துத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு பீரோவைத் திறந்தேன்.

டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் செருகியதும் உள்ளே டக், டக் என்று சத்தம் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. கழற்றி மாட்டினேன். வேறு ஒயர் போட்டேன். அதே டக், டக். அந்த டிஸ்க்குக்கு இரண்டாவது காப்பி எடுத்தேனா என்று தேடினேன். எடுக்கவில்லை. அது ஆவணி மாதத்து டிஸ்க்.

சென்னையில் கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து மீட்டுக் கொடுக்கும் ஒரு இடத்துக்கு என் கணவர் எடுத்துப் போனார். ஒரு மாதம் கழித்து, கிடைத்ததை இன்னொரு டிஸ்க்கில் போட்டுக் கொடுத்தார்கள். முகூர்த்தம் பாதி கிடைத்தது. வரவேற்பு கிடைக்கவில்லை. முகூர்த்தத்தில் நான்கு நிமிடம் போல அந்த அண்ணன் வருகிறான். மாப்பிள்ளைக்கு மாலை போடுகிறான், மோதிரம் போடுகிறான், யாரையோ திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். எல்லாம் மேளச் சத்தத்துக்கு நடுவில்.

அந்த அம்மாவை வரவழைத்து, முன் அறை டிவியில் போட்டுக் காட்டினேன். முடியும்வரை பார்த்தார்.

"பேச்சு இல்லியாம்மா?"

"அது வரலம்மா. எவ்வளவோ முயற்சி பண்ணோம். தப்பு என் மேலதான்."

"சரி, இருக்கறதக் குடு" என்றார். பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். முந்தானையில் முடிந்துகொண்டு போனார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று சாயங்காலமே இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் முடிவு செய்தோம். என்ன வழி என்பதில்தான் ஒத்துப்போகவில்லை.

என் கணவர் விழுப்புரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போய் விசாரித்து வந்தார். தொழில்காரர்கள் நாஸ் என்று சொல்கிற சேமிப்புப் பெட்டி ஒன்று ரெடிமேடாகக் கிடைக்கிறது. டிபன் கேரியர் உயரத்துக்கு ஒரு பெட்டி. அதில் நான்கு டிஸ்க் போடலாம். எல்லாவற்றையும் அது பிரித்துப் பிரித்து எழுதிக்கொள்ளும். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றை வைத்து முழுவதையும் திரும்ப உண்டாக்கிவிடும். லேன் ஒயரை மாட்டினால் ஸ்டூடியோவில் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் திறக்கலாம். அவர் அதை வாங்கிவிடலாம் என்றார்.

நான் அதே வேலையைச் செய்கிற பெட்டியை நானே கட்டுகிறேன் என்றேன். புது எடிட்டிங் கம்ப்யூட்டர் வாங்கியதிலிருந்து பழையது மூலையில் சும்மா கிடந்தது. அதில் நான்கு டிஸ்க் போட இடம் இருந்தது. இந்த வேலைக்கென்றே இலவசமாகக் கிடைக்கும் சாஃப்ட்வேர் இருக்கிறது. ரெடிமேட் பெட்டியில் ஏதாவது ஒரு போர்டு போனால் கம்பெனிக்கு அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டரில் எது போனாலும் விழுப்புரத்திலேயே அன்றைக்கே வாங்கி மாற்றிவிடலாம். இதெல்லாம் நான் சொன்ன காரணங்கள். எல்லாம் உண்மைதான்.

"நீ கட்டுவ, அது எனக்குத் தெரியும்" என்றார் அவர். "நாளைக்கு நீ இல்லன்னா யாரு பாக்கறது?"

"நான் எங்க போகப்போறேன்?"

"எங்கியும் போக வேணாம். உங்க அக்கா வீட்டுக்கு ரெண்டு நாள் போனாலும், எனக்கு அதுல ஒண்ணும் புரியாதே. ரெடிமேடுன்னா ஒரு போன் போட்டா எவனாவது வந்து சொல்லுவான்."

"நான் உங்களுக்குச் சொல்லித் தர்றேங்க."

அவர் சரியென்று விட்டுவிட்டார். நான் சொல்லாமல் வைத்துக்கொண்ட இன்னொரு காரணமும் இருந்தது. எத்தனையோ வருடம் கழித்து, படித்த படிப்பில் ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. அந்த அம்மா தந்த வலியை இந்த ஆசை கொஞ்சம் மூடியது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விழுப்புரம் கடைக்காரர் ரெடிமேட் பெட்டியைத்தான் விற்க நினைத்திருந்தார். ஆனாலும் நான் கட்டப்போகிறேன் என்றதும் முகம் சுளிக்கவில்லை. "நாலு டிஸ்க்கையும் எங்கிட்டயே வாங்காதீங்க மேடம்" என்றார். "ரெண்டு இங்க வாங்குங்க, ரெண்டு வேற கடையில வாங்குங்க. ஒரே பேட்ச்சுல வந்ததுன்னா ஒண்ணா வந்து ஒண்ணாவே போயிடும், பேஜாராயிடும்." தன் வியாபாரத்தைத் தானே பாதியாக்கிக்கொண்ட அவரை எனக்குப் பிடித்துப்போனது. இரண்டை அவரிடமும் இரண்டைத் திண்டிவனத்திலும் வாங்கினேன். கூடவே அவசரத்துக்கென்று ஐந்தாவதாக ஒன்றை வாங்கி பீரோவில் வைத்தேன். விழுப்புரத்தில் வாங்கியதை டவலில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தது நினைவிருக்கிறது.

கட்ட ஒரு வாரம் ஆனது. பழைய கம்ப்யூட்டரைத் திறந்து தூசி துடைத்து, பவர் சப்ளையைப் புதிதாக மாற்றினேன். காற்றாடி இரண்டு கூடுதலாக வைத்தேன். யூபிஎஸ் தனியாகப் போட்டேன். சாஃப்ட்வேரை ஏற்றும்போது மூன்று முறை தப்பாகிப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். நான்காவது முறை, நான்கு டிஸ்க்கும் ஒரே கிடங்காகச் சேர்ந்து, திரையில் பச்சையாக ஒரு புள்ளி வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து முன் அறைக்குப் போய், "வந்துடுச்சிங்க" என்றேன். அவர் ஒரு பாஸ்போர்ட் போட்டோவை வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரியை வைத்துவிட்டு வந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். அவர் வாயில் அது பெரிய பாராட்டு.

பீரோவில் இருந்த டிஸ்க்குகளையெல்லாம் ஒவ்வொன்றாக அதில் ஏற்ற மூன்று வாரம் பிடித்தது. அதில் இரண்டு சாகும் நிலையில் இருந்தன. அவற்றிலிருந்து எல்லாவற்றையும் காப்பாற்றிவிட்டேன். அந்தப் பெட்டியை நாங்கள் சர்வர் என்று சொல்ல ஆரம்பித்தோம். அதன்பின் இரண்டு வருடம் அது ஒரு தொந்தரவும் செய்யவில்லை. ஏதாவது பிரச்சினை என்றால் என் போனுக்கு மெயில் வருகிற மாதிரி செய்திருந்தேன். அவர் போனுக்கும் அனுப்பச் செய்யலாம் என்று நினைத்ததுண்டு. அவருக்குப் புரியாது, வீணாகப் பயப்படுவார் என்று விட்டுவிட்டேன். சொல்லித் தருகிறேன் என்றதும் அப்படியே போய்விட்டது. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

மூன்றாவது வருடம் எனக்கு வயிற்று வலி வந்தது. சாப்பிட்டதும் வலது பக்கம் இழுத்துப் பிடிக்கும். வாயு என்று சுக்குக் கஷாயம் குடித்துச் சமாளித்தேன். ஒரு நாள் வாந்தி நிற்காமல் வந்ததும் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை முழுக்கக் கல். விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். அக்கா வீடு அங்கே பக்கத்தில்தான். அவள் பள்ளிக்கூட டீச்சர், லீவு போட்டுவிட்டு என்னோடு இருந்தாள். என் கணவர் திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தார்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள், வெகு நாள் கழித்துப் போனில் மெயில் பார்த்தேன். சர்வரிலிருந்து ஒன்பது மெயில் வந்திருந்தது. முதல் மெயில் வந்து ஒன்பது நாள். நான் வலியோடு படுத்திருந்த நாள் அது. மூன்று என்று நான் பெயர் வைத்திருந்த டிஸ்க் செத்துவிட்டது, கிடங்கு மீதி மூன்று டிஸ்க்கில் ஓடுகிறது, உடனே மாற்றவும். அதையே தினம் ஒரு முறை அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்றில் இன்னொன்று போனால் எல்லாமே போய்விடும். வேறு எங்கும் காப்பி இல்லை. சர்வர் வந்த தைரியத்தில் பழைய டிஸ்க்குகளை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருந்தேன்.

நான் செய்ததைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அன்று சாயங்காலம் அவர் இட்லி வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போனதும் நானே மாற்றிவிடலாம், அவருக்குத் தெரியவே வேண்டாம் என்று நினைத்தேன். நாளைக்கு நீ இல்லன்னா யாரு பாக்கறது என்று அவர் கேட்டது காதில் இருந்தது. அவர் அதைத் திரும்பச் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயம். டிஸ்க் போய்விடும் என்கிற பயம் அதற்கு அடுத்துத்தான் வந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை டாக்டர் வந்து தையலைப் பார்த்துவிட்டு, இன்னும் நான்கு நாள் இருக்க வேண்டும், வீட்டுக்குப் போனாலும் இரண்டு வாரம் எதையும் தூக்கக் கூடாது என்றார். டாக்டர் போனதும் அக்கா, "இன்னாடி, முகமே சரியில்ல, வலிக்குதா?" என்றாள். அவளிடம் சொன்னேன். அவளுக்கு டிஸ்க்கும் தெரியாது, சர்வரும் தெரியாது. "ஊர்ல இருக்கறவங்க கல்யாணமெல்லாம் அதுலதான இருக்குது?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். என் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

என் கணவர் ஸ்டூடியோவில் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், மூன்று நாளாகத் தெரியும் என்பதையும் சேர்த்து. "இப்ப நான் இன்னா பண்ணணும், சொல்லு" என்றார்.

"பீரோவுல புது டிஸ்க் ஒண்ணு சீல் பிரிக்காம இருக்குது, எடுங்க. சர்வர நிறுத்துங்க. பக்கத்துத் தகட்ட கழட்டுனா உள்ள நாலு டிஸ்க் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கும். மேலேர்ந்து மூணாவது."

"மேலேர்ந்து மூணாவது. நிச்சயமா?"

"நான்தான மாட்டுனேன்."

அவர் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு வேலை செய்தார். ஸ்க்ரூ கழல்கிற சத்தம், தகட்டைத் தரையில் வைக்கிற சத்தம் எல்லாம் எனக்குக் கேட்டது. முன் அறையில் ஆட்கள் பேசுவதும் கேட்டது. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க பக்கத்து ஊரான வல்லத்திலிருந்து ஒரு குடும்பம் வந்து காத்திருப்பதாகச் சொன்னார். அந்தப் படங்களும் சர்வரில்தான் இருந்தன.

"ரெண்டு ஒயரு இருக்குது. ரெண்டையும் புதுசுல மாட்டிட்டேன். ஆன் பண்ணட்டா?"

"பண்ணுங்க."

ஐந்து நிமிடம் ஆனது. அவர் அவருடைய கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார்.

"ஒண்ணுமே காட்டலியே."

"ரெஃப்ரெஷ் பண்ணுங்க."

"பண்ணிக்கினுதான் இருக்கறேன். ஃபோல்டரே இல்ல. எல்லாம் காலியா இருக்குது."

எழுந்து உட்காரப் பார்த்தேன். ட்ரிப்ஸ் போட்டிருந்த கையை அசைத்ததில் ஊசி இழுத்து, அக்கா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான் தப்பா எடுத்துட்டனா?" என்று அவர் கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு முன்னால் தூசி எடுக்கிறேன் என்று நான்கு டிஸ்க்கையும் கழற்றி ஊதித் துடைத்துத் திரும்ப மாட்டியிருந்தேன். எந்த வரிசையில் மாட்டினாலும் சாஃப்ட்வேர் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அதனால் வரிசையைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. மூன்று என்று நான் பெயர் வைத்தது கட்டிய நாளின் வரிசைப்படி. உண்மையான வரிசை எனக்கே தெரியாது. நல்ல டிஸ்க் ஒன்றைக் கழற்றச் சொல்லியிருக்கிறேன். ஒன்று ஏற்கெனவே செத்தது, ஒன்று கழற்றியது. மீதி இரண்டை வைத்து அதனால் எதையும் திறக்க முடியாது.

"நீங்க தப்பா எடுக்கல. நான்தான் தப்பா சொல்லிட்டேன். திரும்ப நிறுத்துங்க. இப்பக் கழட்டுனீங்களே, அதையே அதே எடத்துல போடுங்க. புதுச எடுத்துடுங்க."

"அது கெட்டுப் போயிருக்காது இல்ல?"

"போயிருக்காது" என்றேன். கிட்டத்தட்ட நிச்சயம் என்பதுதான் உண்மை.

இந்த முறை ஐந்து நிமிடம் எனக்கு மிக நீளமாக இருந்தது. அக்கா என் கையை விடவில்லை. பிறகு அவர், "வந்துடுச்சி, எல்லாம் இருக்குது" என்றார். முன் அறையில் யாரோ, "ஆயிடுச்சாங்க? டைம் ஆகுதுங்க" என்று கேட்க, "ரெண்டே நிமிஷங்க, டீ சொல்லியிருக்கறேன்" என்று அவர் சாதாரணமாகப் பதில் சொன்னதும் கேட்டது.

செய்ய வேண்டியதை அதன் பின்தான் ஒழுங்காகச் செய்தோம். ஒவ்வொரு டிஸ்க்கின் மேலும், எழுத்தும் எண்ணும் கலந்த சீரியல் எண் ஒன்றைக் கம்பெனியே அச்சடித்திருக்கும். செத்தது எது என்று அந்த எண்ணோடு மெயிலிலேயே இருந்தது. வந்த எல்லா மெயிலிலும் இருந்தது. நான்தான மாட்டுனேன் என்ற நினைப்பில் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. அவர் வீடியோ காலில் ஒவ்வொரு டிஸ்க்காக டார்ச் அடித்துக் காட்ட, கடைசி நான்கு எழுத்தை நான் ஒத்துப் பார்த்தேன். செத்தது அடியில் இருந்தது, நான்காவது. அதை எடுத்துப் புதியதைப் போட்டு, திரையில் எதை அழுத்த வேண்டும் என்று நான் சொல்ல அவர் அழுத்தினார். புது டிஸ்க் முழுவதும் நிரம்பி முடிய மறுநாள் மதியம் ஆனது. அதுவரை இன்னொரு டிஸ்க் போகாமல் இருக்க வேண்டும். போகவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுத் திண்டிவனம் வந்தேன். ஸ்டூடியோவில் சர்வரின் பக்கவாட்டுத் தகட்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். மேலிருந்து கீழ் நான்கு கட்டம், ஒவ்வொன்றிலும் டிஸ்க்கின் கடைசி நான்கு எழுத்து, அவர் கையெழுத்தில். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஒரு வாரம் எதுவும் பேசாமல் வேலை பார்த்தேன். பிறகு ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது நானே ஆரம்பித்தேன்.

"அந்த ரெடிமேட் பெட்டிய வாங்கிடலாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உன்துக்கு இன்னா? நல்லாத்தான ஓடுது."

"ஓடுது. இங்க தெனம் பாக்கறது நீங்க. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி ஒண்ணு இங்க இருக்கட்டும். என்து விழுப்புரத்துல அக்கா வீட்டுல இருக்கட்டும். இங்க இருக்கறதெல்லாம் அங்கியும் ஒரு காப்பி போவட்டும்."

"கோவத்துல சொல்றியா?"

"பாதி கோவம்தான்."

"மீதி?"

"மீதி நெஜம்."

அவர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது, தையல் இடம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தது.

பெட்டியை வாங்க இரண்டு பேரும் சேர்ந்தே போனோம். கடைக்காரர் நான் அப்பவே சொன்னேனே என்ற பார்வை எதுவும் பார்க்கவில்லை. என் உடம்பைப் பற்றித்தான் விசாரித்தார். பெட்டியை அமைக்கிற வேலையை என் கணவரே செய்தார். நான் வேண்டுமென்றே முன் அறையில் உட்கார்ந்து ஒரு பாட்டிக்கு ஆதார் கார்டு பிரிண்ட் எடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு வெளியே வந்தார். நான் ஒரு வாரம் மல்லுக்கட்டியது அது. எனக்கு அந்தப் பெட்டியை இன்றுவரை முழுசாகப் பிடிக்கவில்லை. உள்ளே என்ன செய்கிறது என்று காட்டாது. கம்பெனியின் இணையக் கணக்கில் சேரச் சொல்லி அடிக்கடி கேட்கும்; சேராததால் மெயில் எதுவும் அனுப்பாது. ஆனால் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் முன்னால் ஒரு விளக்கு உண்டு. டிஸ்க் செத்தால் அந்த விளக்கு சிவப்பாகும். சிவப்பு விளக்கு எரிகிற தட்டை வெளியே இழுத்து, டிஸ்க்கை மாற்றித் தள்ளினால் போதும். மேலிருந்து எத்தனையாவது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஆன செலவில் பெரிய வித்தியாசம் இல்லை, கட்டினால் மலிவு என்று முதலில் நாங்கள் நினைத்துக்கொண்டதற்கு மாறாக.

என் சர்வர் அக்கா வீட்டு மாடியில் புத்தக அலமாரிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. முதல் வாரம் அக்கா, தூசி படக் கூடாது என்று அதன் மேல் பூப்போட்ட மேசை விரிப்பைப் போட்டு மூடிவிட்டாள். சூடு ஏறுகிறது என்று எனக்கு மெயில் வந்தது. போன் செய்தேன்.

"அக்கா, அது மேல ஏதாவது போட்டிருக்கறியா?"

"ஏன், தெரியுதா உனக்கு?" என்று ஆச்சரியப்பட்டு விரிப்பை எடுத்தாள். இப்போது மெயில் மூன்று பேருக்கும் போகிறது. அக்காவுக்கு அதில் ஒன்றும் புரிவதில்லை. ஆனால் வந்தால் உடனே போன் செய்து, "உன் மிஷின் ஏதோ சொல்லுதுடி" என்பாள்.

அந்த வருடக் கடைசியில் புயல் மழை பெய்தது. ஏரி நிரம்பி, எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் வந்தது. ஸ்டூடியோவுக்குள்ளும் வந்தது. கேமரா பைகளையும் பிரிண்டரையும் தூக்கி மேசை மேல் வைத்தோம். பழைய ஆல்ப மாதிரிகள் ஊறி ஒட்டிக்கொண்டு, பிரிக்க முடியாமல் தூக்கிப் போட்டோம். பெட்டி உயரத்தில் இருந்ததால் தப்பியது. ஒரு வாரம் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. விழுப்புரத்திலும் தெருவெல்லாம் வெள்ளம், அக்கா மாடியை விட்டு இறங்க முடியாமல் இருந்தாள். தண்ணீர் வடிந்து கரண்ட் வந்ததும் இரண்டு இடத்திலும் பார்த்தோம். எல்லாம் இருந்தது. அந்த ஒரு வாரத்தில் கட்டியது நல்லதா வாங்கியது நல்லதா என்று ஒரு முறைகூட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு ஊரில் இருக்கிறது என்பது மட்டும்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது.

போன மாதம் அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்காக நான்கு நாள் விழுப்புரத்தில் இருந்தேன். அங்கே நெட் மாற்றியிருந்ததால் சர்வரிலிருந்து மெயில் வருவது நின்றிருந்தது. அதைச் சரிசெய்துவிட்டுத் திண்டிவனம் திரும்பினேன். ஸ்டேப்ளர் பின் தேடி அவர் மேசை டிராயரைத் திறந்தபோது உள்ளே ஒரு டிஸ்க் இருந்தது. அதன் மேல் வெள்ளை டேப்பில், செத்தது, செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருந்தது.

"இது எப்ப?"

அவர் திரும்பிப் பார்த்தார். "அதுவா? நீ அங்க இருக்கும்போது செகப்பு லைட்டு எரிஞ்சுது. மாத்திட்டேன். வாரண்டில குடுக்கணும், அதான் வெச்சிருக்கறேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்ல."

"நிச்சயதார்த்த வேலையில இருந்த. சொல்லணும்னு தோணல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒயர்கூட கழட்ட வேணாம் அதுல, இழுத்தா வந்துடுது" என்றார்.

நான் பின் அறைக்குப் போய்ப் பெட்டியைப் பார்த்தேன். நான்கு விளக்கும் பச்சை. என்னைக் கேட்காமல் நடந்துவிட்டதே என்று உள்ளே ஏதோ ஒன்று சுருக்கென்றது. கூடவே தோளிலிருந்து ஒரு சுமையை யாரோ வாங்கிக்கொண்ட மாதிரியும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நிச்சயதார்த்தப் படங்கள் இருந்த கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் செருகினேன். எல்லாம் ஏறுவதற்குள் சோறு வைத்துவிடலாம் என்று அரிசி களையப் போனேன்.